மாமா கடைக்குப் போனதும் அறுகிற லைன்

போன வாரம் நம் டெலிபோன் பழுதுப் பிரிவுக்கு வந்தபோது புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரின் பைகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பதினொரு பொருட்கள். எண்ணியிருக்கக் கூடாது, பழக்கம் விடவில்லை. அவற்றில் இரண்டு எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் பையில் ஐந்துதான் இருந்தன. அதில் ஒன்று குடை. ஆகவே கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக்குள் போன பிறகு எப்போது வாயைத் திறப்பது, எப்போது மூடுவது என்பதைப் பற்றிக் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் அதிகாரி எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன். படிக்க உட்காருவதற்கு முன் ஓய்வறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டீர்களா என்று ஒருவர் போய்ப் பாருங்கள். அன்று நான் வரும்போது யாருமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்துக்கு பிராட்பேண்ட் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்த நேரம். உத்தமபாளையத்தில் ஒரு ராவுத்தர் வீடு. குடும்பத் தலைவர் ஏலக்காய் வியாபாரி. கடைத்தெருவில் மண்டி வைத்திருந்தார். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். மூத்த மகன் ஷார்ஜாவில். அவர் மனைவி சபீனா, இரண்டு வயதுக் குழந்தையோடு மாமனார் வீட்டில். இளைய மகன் ரியாஸ் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. சபீனாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. வாங்கிக் கொடுத்ததே ரியாஸ்தான். குழந்தை பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்ய அந்தப் பெண்ணுக்குச் சோதனை முறையில் அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த நாளில் அது அபூர்வம். நம் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கும் அப்படி ஒரு வேலை இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதற்குத்தான் விபிஎன். வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் போவதற்கு இணையத்தின் நடுவே போட்டுக்கொள்ளும் தனிப் பாதை என்று மதுரைப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாதைதான் சபீனாவுக்கு அறுந்து அறுந்து போனது. இணையம் இருக்கும், அலுவலகம் மட்டும் இருக்காது. அலுவலகத்தில் கேட்டால் உங்கள் ஊர் லைன் கோளாறு என்றார்கள். நாங்கள் எக்ஸ்சேஞ்சில் சோதித்துவிட்டு லைன் சுத்தமாக இருக்கிறது என்றோம். இரண்டு பக்கமும் சரி, நடுவில் அந்தப் பெண்.

முதல் தடவை நான் போனபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு தடவைகூட அறவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே. அந்த இரண்டாம் தடவை சபீனா ஒரு வார்த்தை சொன்னார். கூடத்தில் கம்ப்யூட்டர், அதற்கு எதிரே நாற்காலியில் பாய், கதவோரம் சபீனா, உள்ளே அவருடைய மாமியார்.

“மாமா வீட்டுல இருக்கையில லைனுக்கு ஒண்ணும் ஆகுறதில்ல சார். அவுக கடைக்குப் போனதும்தான் அறுந்து போகுது.”

பாய் சிரித்தார். “என்னையப் பாத்தா மோடமும் பயப்படுது போல. பெத்த பயலுக பயப்படலையே.”

நானும் சிரித்தேன். அது எனக்குச் சொல்லப்பட்ட செய்தி என்று தோன்றவே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் பெரியவர் இல்லாத நேரத்தில் வெளி ஆண் ஒருவர் உள்ளே போய் உட்கார முடியாது. நாங்கள் வருகிறோம் என்று போன் செய்தால் பாய் கடையிலிருந்து வண்டியில் வந்துவிடுவார். அவர் வந்த பிறகுதான் நாங்கள் படியேறுவோம். அவர் இருந்தால் லைன் அறாது. அதாவது அந்தக் கோளாறு நடக்கும் நேரத்தில் அதை நம்மவர் யாரும் பார்க்கவே முடியாத வீடு அது. வாசலில் கிடக்கும் செருப்புகளைக்கூட எண்ணுகிறவன் நான், பாயின் செருப்பு கிடந்த இரண்டு நாளும் லைன் நன்றாக இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதே வாரத்தில் மூன்றாம் புகார் வந்தபோது எனக்கு மேகமலை எஸ்டேட் லைன் ஒன்று காத்திருந்தது. காலை ஜீப்பை விட்டால் மறுநாள்தான். எரிச்சலோடுதான் உத்தமபாளையம் போனேன். உள்ளே நுழைந்ததும் பாயின் கால் ஒரு முக்காலியில் நீட்டி இருப்பதைப் பார்த்தேன். முழங்கால் வீங்கியிருந்தது.

“ரெண்டு நாளா கடைக்குப் போகல சார். கல்யாண வீடு, அலைச்சல். இந்தக் காலு இப்பத்தான் பாத்து மக்கர் பண்ணணுமா.”

அவருடைய கடைசி மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர் வீடுகளுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். கம்பம், சின்னமனூர், பெரியகுளம், ஜெயமங்கலம் என்று ஊர் ஊராக இருந்தது. அதற்காகவே ரியாஸைப் பத்து நாள் லீவு போட்டு வரச் சொல்லியிருந்தார். முன்பு ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பையன் முதல் நாள் வந்து மறுநாளே திரும்பிப் போனதில் பாய்க்கு இன்னும் வருத்தம் இருந்தது. “தங்கச்சி நிக்காஹ்வ விட வேலை பெருசுன்னா அங்கனயே இருந்துக்கன்னு சொல்லிட்டேன். இப்ப ஒழுங்கா லீவு வாங்கிட்டு வந்து ஒரு வாரமாச்சு. மேலதான் இருக்கான். பகலெல்லாம் தூக்கம்.”

சபீனா அன்று கதவோரம் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார், முகம் வெளிறி இருந்தது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் திங்கள் முதல் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும், முடியாதென்றால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அன்று வியாழன்.

“விட்டுத் தள்ளு ஆத்தா,” என்றார் பாய், உண்மையான அன்போடு. “நமக்கென்ன கொறச்சல். புள்ளையப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு.”

சபீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பயந்ததே அந்த அன்புக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

விபிஎன் இணைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தது. முதல்முறையாக என் கண் முன்னால். அவர் மறுபடி இணைத்தார், உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளியே தள்ளியது. வேறு ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன், உடனே திறந்தது. ஆக லைனில் குறையில்லை. மோடத்தின் விளக்குகளை எண்ணினேன். மின்சாரம் ஒன்று, லைன் ஒன்று, இணையம் ஒன்று, சபீனாவின் வயருக்கு ஒன்று. ஐந்தாவது, வயர் இல்லாத இணைப்புக்கான விளக்கு. அது விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

“வயர்லெஸ்ல யாரும்மா இருக்காக?”

“யாரும் இல்லை சார். இந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.”

சபீனாவின் வயரைப் பிடுங்கினேன். அவர் விளக்கு அணைந்தது. மற்றது முன்பைவிட வேகமாகத் துடித்தது.

பாய் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “பக்கத்து வீட்டுக்காரன். அந்தக் கோம்பை ஊரு வாத்தியாரு. மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துருக்கான்ல. நாயையும் வளத்து நம்ம தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு, நம்ம லைனையும் உறிஞ்சிக்கிட்டு இருக்கானா?” முக்காலியிலிருந்து காலை இறக்கினார். கைத்தடியை எடுத்தார். மாடிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏலே ரியாஸு, எந்திரிச்சு வா. பக்கத்து வீடு வரைக்கும் போய்ட்டு வருவோம்.”

“இந்தா வர்றேன்த்தா,” என்று மேலிருந்து பதில் வந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த குரல் இல்லை அது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பதில் தயாராக இருக்கிறது. அதை நான் சொல்லக்கூட வேண்டாம், மறுக்காமல் இருந்தால் போதும். புகார் முடியும், மேகமலை ஜீப்பைப் பிடிக்கலாம். ஆனால் கணக்கு இடித்தது. பக்கத்து வீட்டுப் பையன் திருட்டுத்தனமாக நம் இணைப்பில் படம் பார்த்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். சபீனாவின் தனிப் பாதையை அவனால் வெட்ட முடியாது. அந்த வகை மோடத்தின் குறை எனக்குப் பயிற்சி வகுப்பிலிருந்து ஞாபகம் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து ஒரு அலுவலகத்துக்கு அந்தப் பாதையில் ஒரே ஒருவரைத்தான் அது அனுப்பும். இரண்டாவது ஆள் அதே அலுவலகத்துக்குள் நுழைந்தால் முதல் ஆள் வெளியே விழுவார். அப்படியென்றால் சபீனாவின் அலுவலகத்துக்கே போகிற இன்னொருவர் இந்தச் சுவர்களுக்குள் இருக்கிறார். அவர் பெரியவர் கடைக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்குவார். பெரியவர் இரண்டு நாளாக நகராததால், இனியும் காத்திருக்க முடியாமல் இன்று துணிந்துவிட்டார்.

“பாய், கொஞ்சம் பொறுங்க,” என்றேன். “வயர் மொட்டை மாடி வழியாத்தான வருது. அதைப் பாக்காம யாரையும் சொல்லக் கூடாது.”

“நான் ஏற முடியாதே சார்.”

“நீங்க எதுக்கு? நான் பாத்துட்டு வர்றேன்.”

மாடி அறையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் லேப்டாப். கழுத்தில் ஹெட்போனோடு ரியாஸ் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு பத்திரிகைக் கட்டைத் தூக்கி லேப்டாப் மேல் வைக்கப் போனான்.

“வேணாம் தம்பி, ஒடஞ்சிரும்,” என்றேன்.

அவன் கட்டைக் கீழே வைத்தான். “லீவு தரல சார். மாசக் கடைசி. வந்தே ஆகணும்னு அத்தா சொல்லிட்டாக. அங்க கேட்டா, எங்க இருந்தாலும் வேலை முடிஞ்சாச் சரிங்குறாக. ரெண்டு பக்கமும் ஆமான்னு சொல்லிட்டேன்.”

“கீழ உங்க மதினிக்கு லைன் அறுந்துக்கிட்டே இருக்குறது தெரியும்ல?”

“தெரியும் சார். எனக்கும்தான் அறுந்து போகுது. எக்ஸ்சேஞ்சுக் கோளாறுன்னுல்ல நெனச்சேன்.”

“அவுக நொழையுறப்ப உங்களுக்கு அறுந்து போகும். நீங்க நொழையுறப்ப அவுகளுக்கு அறுந்து போகும். ஒருத்தர ஒருத்தர் வெளிய தள்ளிக்கிட்டு இருக்கீக.”

அவன் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். வேலை தெரிந்த பையன், மேலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். “பாஸ்வேர்டு மாத்திட்டேன், சரியாயிருச்சுன்னு சொல்லிருங்க சார். கல்யாணம் முடியட்டும். நான் எப்படியாவது பாத்துக்கிறேன்.”

“பாஸ்வேர்டு மாத்தினா வாத்தியாருதான் எடுத்தாருன்னு ஆயிரும். உங்க அத்தா கைத்தடியோட நிக்கிறாக. நாளைக்கு நீங்க மறுபடி நொழைவீக, மாசக் கடைசி. சனிக்கிழமை அவுகளுக்கு வேலை போயிரும்.”

“அத்தாகிட்ட சொல்லப் போறீகளா?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. சொன்னால், கல்யாண வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே லைன்காரன் போய் நின்றதாகும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் வேலையும் ஒரு வாத்தியாரின் பெயரும் போகும். குடையைக் கீழேயே வைத்துவிட்டோமோ என்றும் நடுவில் ஒரு கவலை. அப்போது கீழே பாத்திரச் சத்தம் கேட்டது.

“கீழ டீ போடுறாக,” என்றேன். “அதைக் குடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். குடிச்சு முடிச்சதும், வெளியாள் யாரும் இல்லை, இதே ஆபீசுக்குப் போற ரெண்டாவது ஆள் வீட்டுக்குள்ள இருக்காகன்னு என் வேலை முறையில சொல்லிட்டுப் போயிருவேன். அதுக்கு முந்தி நீங்க சொல்லிட்டா நான் வாயத் தொறக்க வேண்டியிருக்காது.”

கீழே இறங்கினேன். பாய் நின்றுகொண்டே இருந்தார். “என்ன சார், மேல என்ன?”

“வயர் நல்லா இருக்கு பாய். உக்காருங்க. டீயைக் குடிச்சுட்டுச் சொல்றேன்.”

சபீனாதான் கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு டீதான் என்று வைத்திருந்தேன். அந்த இரண்டையும் காலையிலேயே குடித்தாகிவிட்டது. மூன்றாவதை எடுத்து வாயில் வைத்தேன். பாய் வாத்தியாரின் சன்ஷேடிலிருந்து தன் சுவரில் மழைத் தண்ணீர் விழுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டு படிக்கட்டில் காதை வைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு மெதுவாகக் குடித்தாலும் டீ குறையத்தானே செய்யும். டம்ளரின் அடியில் இரண்டு வாய் மிச்சமிருந்தபோது, எப்படி ஆரம்பிப்பது என்று மனதில் வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினேன்.

சபீனா உள்ளிருந்து பாத்திரத்தோடு வந்தார். நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. டம்ளரை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டார்.

“சாரு சீனி ஆகாதுன்னு அன்னைக்குச் சொன்னாகளே ஆத்தா,” என்றார் பாய்.

“இன்னைக்கு ஒரு நாள்தான மாமா.”

நான்காவது டீயில் பாதியில் இருந்தபோது படிக்கட்டில் கால் சத்தம் கேட்டது. ரியாஸ் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். அத்தாவின் முக்காலியில் வைத்தான்.

“அத்தா, லீவு கெடைக்கல. பொய் சொல்லிட்டேன். நீங்க கடைக்குப் போனதும் மேல வேலை பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மதினிக்கு லைன் அறுந்து போறது என்னாலதான். வாத்தியாரு வீட்டுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லை.”

உள்ளே மாமியார் ஏதோ வேலையை நிறுத்தியது மட்டும் தெரிந்தது. பாய் லேப்டாப்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

“அப்ப பகல்ல நீ தூங்கல.”

“இல்லத்தா.”

“ஆளு எளைச்சுட்டானேன்னு ஒங்கம்மா வேற ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுத்தா.” லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டு, “பொய் சொல்லணும்னா கீழயே உக்காந்து சொல்ல வேண்டியதுதான. எதுக்கு மாடி ஏறின?” என்றார். அது கோபம்தான். ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. பிறகு என்னிடம் திரும்பினார். “சார், இதுக்கு என்ன வழி?”

அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம். ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும், இன்னொருவர் வேறு இணைப்பிலிருந்து போகலாம் என்றேன். மண்டியிலும் ஒரு பிராட்பேண்ட் இருந்தது. கணக்குப் பிள்ளைக்காகப் போட்டது. பாய் யோசித்தார்.

“நீ அங்கன போயி ஏலக்கா மூட்டை மேல உக்காந்து பாரு. சாயங்காலம் பத்திரிகை வைக்க என்கூட வரணும். உன் மதினி இங்கன பாக்கட்டும்.” பிறகு சபீனாவைப் பார்த்தார். நான் எதிர்பாராத கேள்வியை அவர்தான் கேட்டார். “உனக்குத் தெரியும்ல?”

சபீனா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். “ஆபீஸ் திரையில ரியாஸ் பேருக்குப் பக்கத்துல, வேலையில இருக்காருன்னு பச்சை லைட்டு எரியும் மாமா. மேல தூங்குறாருன்னு மாமி சொல்வாக. அவராலதான் அறுந்து போகுதான்னு எனக்குத் தெரியாது. அவர் இருக்கையில அறுந்து போகுதுன்னு மட்டும் தெரியும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“நான் சொன்னா அது வீட்டுச் சண்டை மாமா. லைன்காரவுக சொன்னா ரிப்பேரு.”

பாய் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே பார்த்து, “சாருக்கு இன்னொரு டீ,” என்றார். அதை நான் குடிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேகமலை ஜீப் போயிருந்தது.

அந்த எண்ணிலிருந்து நான்காவது புகார் வரவில்லை. நிக்காஹ்வுக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் பாய்க்குப் பக்கத்தில் கோம்பை வாத்தியார் உட்கார்ந்திருந்தார். சன்ஷேடு பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் நான் வேறு வரிசையில் உட்கார்ந்தேன். சபீனா அந்த வேலையில்தான் இருந்தார். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு அவர் பெயரைச் சொல்லி இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று ரியாஸ் சொன்னான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து திருப்பித் திருப்பி யோசித்தேன். மூன்று புகார் கொடுத்த அந்தப் பெண், கோளாறு என்னவென்று கண்டுபிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. அதில் பாதி அவருக்கே தெரியும். தன்னால் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு வெளியிலிருந்து ஒரு ஆள் தேவைப்பட்டது. இரண்டாம் தடவையே மாமா கடைக்குப் போனதும் அறுந்து போகிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டு வந்தேன்.

உங்கள் பையில் பதினொரு பொருட்கள் இருக்கின்றன. அவற்றால் மோடத்தைச் சோதிக்கலாம், வயரைச் சோதிக்கலாம். ஒருவர் வேடிக்கை மாதிரி ஏதாவது சொன்னால், வீட்டை விட்டு இறங்குவதற்குள் அதை ஒரு தடவை நிஜம் என்று வைத்து யோசித்துப் பாருங்கள். அப்புறம், நீங்கள் கேட்காமலே யாராவது டம்ளரை மறுபடி நிரப்பினால், அவசரம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். சர்க்கரை இருந்தாலும் குடியுங்கள். அவர்கள் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள்.